வெறுங்கையோடு அனுப்பாதே: யூதச் சட்டத்தில் ‘ஹானகா’

ஆறு வருஷம் ஒரு வீட்டில் பணியாளாகக் கிடந்தவன் ஏழாவது வருஷம் விடுதலையாகிறான். கணக்கு தீர்ந்துவிட்டது. இனி அவன் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை. வாசலைத் தாண்டி வெளியே வந்து நிற்கிறான். அப்புறம்?

அன்று ராத்திரி எங்கே படுப்பான்? அடுத்த மழைக்கு எதை விதைப்பான்? ஆறு வருஷமாக அவன் வளர்த்த ஆடு முதலாளியுடையது, அவன் அடித்துத் தூற்றிய கோதுமையும் முதலாளியுடையது. கையில் ஒன்றும் இல்லாமல் போனால் ஒரு மாதம் தாக்குப்பிடிப்பான், இரண்டு மாதம் தாக்குப்பிடிப்பான். அதற்குப் பிறகு மறுபடியும் கடன், மறுபடியும் யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டு.

பழைய யூதச் சட்டம் இந்த ‘அப்புறம்’ என்ற இடத்தில் நின்று யோசித்திருக்கிறது. விடுதலையாகிப் போகிறவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, உன் ஆட்டுமந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் திராட்சை ஆலையிலிருந்தும் எடுத்துக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்கிறது யூத வேதத்தின் ஐந்தாம் நூலான உபாகமம், 15ஆம் அதிகாரத்தில். இந்தக் கட்டளைக்கு எபிரேய மொழியில் ‘ஹானகா’ என்று பெயர். யூத மரபில் 613 கட்டளைகள் என்று ஒரு கணக்கு உண்டு. அதில் இது இரண்டு இடம் பிடிக்கிறது: ‘கொடு’ என்பது ஒன்று, ‘வெறுங்கையோடு அனுப்பாதே’ என்பது இன்னொன்று.

யார் இந்தப் பணியாள்? எபிரேயத்தில் ‘எவெத் இவ்ரி’ என்பார்கள், எபிரேய அடிமை என்று அர்த்தம். நமக்குப் பழக்கமான சொல்லில் கொத்தடிமை என்றால் ஓரளவு பொருந்தும். ஒருவன் இந்த நிலைக்கு வர இரண்டு வழிகள். திருடிவிட்டு, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வக்கில்லாமல் போனால் நீதிமன்றமே அவனை விற்றுவிடும். அல்லது வறுமை தாங்காமல் அவனே தன்னை விற்றுக்கொள்வான். நீதிமன்றம் விற்றால் ஆறு வருஷம்தான். இடையில் ஐம்பதாண்டுக்கு ஒருமுறை வருகிற யூபிலி வருஷம் வந்துவிட்டால் அப்போதே விடுதலை.

அந்த ஆறு வருஷமும் எப்படி நடத்த வேண்டும் என்பதில் தல்மூத் ரொம்பக் கறார். தல்மூத் என்பது யூத அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகச் சட்டத்தை வாதாடி வாதாடித் தொகுத்த பெரும் நூல். நீ நல்ல ரொட்டி தின்று அவனுக்கு மட்ட ரொட்டி போடக் கூடாது, நீ பழைய மதுவைக் குடித்துவிட்டு அவனுக்குப் புதுசை ஊற்றக் கூடாது, நீ மெத்தையில் படுத்து அவனை வைக்கோலில் படுக்கவிடக் கூடாது என்கிறது அது. எபிரேய அடிமையை வாங்கியவன் தனக்கு ஒரு எஜமானை வாங்கிக்கொண்டது போல என்று ஒரு வாக்கே உண்டு.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் எபிரேயனுக்கு மட்டும். லேவியராகமம் 25இல் வேற்று இனத்து அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்றே இருக்கிறது. அவர்களுக்கு ஏழாம் வருஷமும் இல்லை, ஆடும் கோதுமையும் இல்லை. ஹானகாவைப் பாராட்டும்போது இந்த வரியும் அதே நூல்களில் இருக்கிறது என்பதை மறந்துவிட முடியாது.

சரி, கட்டளைக்கு வருவோம்.

அந்த எபிரேயச் சொல்லே அழகு. மூலத்தில் இருப்பது ‘ஹாஅனேக் தஅனீக்’ என்ற இரட்டிப்பு. ‘கொடு’ என்று சொல்ல எபிரேயத்தில் சாதாரண வினைச்சொல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த அபூர்வமான சொல்லை ஏன் எடுத்தார்கள்? ‘அனக்’ என்றால் கழுத்தணி. தமிழ் வேதாகமத்தில் உன்னதப்பாட்டு வாசித்தவர்களுக்கு ‘சரப்பணி’ என்ற சொல் நினைவிருக்கும். காதலியின் கழுத்தில் கிடக்கும் அந்தச் சரப்பணிதான் மூலத்தில் ‘அனக்’. பதினோராம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி இதைப் பிடித்துக்கொள்கிறார். கழுத்தணி உயரத்தில் இருப்பது, பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது. அப்படிப் பளிச்சென்று தெரிகிற மாதிரி கொடு, நீ அவனுக்கு நல்லது செய்தாய் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியட்டும் என்பது அவர் விளக்கம். கழுத்தில் சுமை ஏற்றி அனுப்புவது என்று பொருள் கொண்டவர்களும் உண்டு என்று கூடவே குறித்து வைக்கிறார்.

நேற்று வரை கடனாளி, அல்லது திருடன் என்று பெயர் வாங்கியவன், இன்று தெருவில் இறங்கும்போது கழுத்தில் மாலை போட்டவன் மாதிரி போகிறான். தோளில் கோதுமை மூட்டை, முன்னால் நாலு ஆடு. எதிரே வருகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். பழைய பெயர் அழிய இது ஒரு வழி. ராஷி இவ்வளவு தூரம் சொல்லவில்லை, ஆனால் அவர் விளக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் மனதில் வருகிறது.

மந்தை, களம், ஆலை என்று மூன்று இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது ஏன்? இந்த மூன்றில் மட்டும்தான் கொடுக்க வேண்டுமா? இல்லை, கடவுள் உனக்கு எதில் ஆசீர்வாதம் தந்தாரோ அதிலிருந்தெல்லாம் கொடு என்று அதே வசனம் தொடர்கிறது. அப்படியானால் இந்த மூன்றைத் தனியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று தல்மூத் கேட்கிறது. கிடுஷின் என்ற பகுதியில் இந்த வாதம் வருகிறது, எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஆடு, தானியம், திராட்சை மூன்றும் பெருகக் கூடியவை. ஆடு குட்டி போடும், தானியத்தை விதைத்தால் விளையும். ஆகவே கொடுக்கிற பொருள் தன்னிலேயே பெருகும் குணம் உள்ளதாக இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் முடிவுக்கு வருகிறார்கள். அப்படியானால் எதைக் கொடுக்கக் கூடாது? பணத்தைக் கொடுக்காதே என்கிறார் ரபி ஷிமோன் (ரபி என்றால் யூத மத ஆசான்). வெள்ளிக் காசை மூட்டை கட்டி வைத்தால் பத்து வருஷம் கழித்தும் அதே காசுதான். ரபி எலியேசர் பென் யாக்கோபு ஒப்புக்கொள்ளவில்லை. பணத்தைப் போட்டு வியாபாரம் செய்யலாம், அது பெருகும், தாராளமாகக் கொடு, கோவேறு கழுதையைத்தான் கொடுக்கக் கூடாது என்கிறார் அவர். குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கிற அந்தப் பிராணி நன்றாகச் சுமை தூக்கும், ஆனால் குட்டி போடாது. ரபி ஷிமோனோ, குட்டி போடாவிட்டால் என்ன, அது வளர்கிறது, உடல் தேறுகிறது, அதுவும் ஒரு பெருக்கம்தானே என்று கோவேறு கழுதையைச் சேர்த்துக்கொள்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் கழுதையைப் பற்றிய சின்னச் சண்டை. கொஞ்சம் நின்று பார்த்தால் இருவரும் ஒரே விஷயத்துக்காகத்தான் மல்லுக்கட்டுகிறார்கள் என்பது தெரியும். வாசலைத் தாண்டுகிறவனுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு கட்டிக் கொடுத்தால் போதாது, அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அவனோடு கூடவே வளர்கிற ஒன்று கையில் இருக்க வேண்டும். ‘முதல்’ என்று நாம் சொல்வோமே, கடை போடுகிறவர் கையில் இருக்க வேண்டிய முதல், அது.

எவ்வளவு கொடுக்க வேண்டும்? இங்கும் மூன்று பேர், மூன்று கணக்கு. சேலா என்பது அன்றைய வெள்ளி நாணயம், நான்கு சூஸ் சேர்ந்தால் ஒரு சேலா. ரபி மேயிர் 15 சேலா என்கிறார்: மந்தையில் ஐந்து, களத்தில் ஐந்து, ஆலையில் ஐந்து. ரபி யெகுதா 30 சேலா என்கிறார், மாடு முட்டி அடிமை இறந்தால் யாத்திராகமம் விதிக்கும் ஈட்டுத்தொகையை வைத்து. ரபி ஷிமோன் 50 என்கிறார். ஓர் ஆளின் மதிப்பைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் லேவியராகமம் சொல்லும் உச்ச மதிப்பு அது.

இந்த எண்களை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் யார் ஏழை என்பதற்கு ஒரு கோடு இருக்கிறது. 200 சூஸ் வைத்திருப்பவன் வயலில் ஏழைகளுக்காக விடப்பட்ட கதிர்களைப் பொறுக்கக் கூடாது. 50 சூஸ்தான் இருக்கிறது, ஆனால் அதைப் போட்டு வியாபாரம் செய்கிறான் என்றால் அவனும் பொறுக்கக் கூடாது. இப்போது பாருங்கள்: ரபி ஷிமோனின் 50 சேலா சரியாக 200 சூஸ். மிகக் குறைவாகச் சொன்ன ரபி மேயிரின் 15 சேலாகூட 60 சூஸ், வியாபாரிக்கான கோட்டுக்கு மேலே. அந்த அறிஞர்கள் இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை, வேறு வசனங்களைத்தான் காட்டினார்கள். ஆனாலும் மூன்றில் எந்தத் தொகையை வாங்கிக்கொண்டு போனாலும், அதை வைத்துத் தொழில் செய்தால் அவன் அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்க வேண்டியிருக்காது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சட்டத்தைத் தொகுத்த மைமோனிடிஸ் 30 சேலாவுக்குக் குறையக் கூடாது என்று ரபி யெகுதாவின் கணக்கை எடுத்துக்கொண்டார். ஒரே வகைப் பொருளாகக் கொடுத்தாலும் சரி, பல வகையாகக் கொடுத்தாலும் சரி. அவனால் உன் வீடு செழித்ததா இல்லையா என்ற கேள்வியும் கிடையாது. ‘இவன் வந்து எனக்கு என்ன லாபம்?’ என்று கேட்டுக் கையை இழுத்துக்கொள்ள முதலாளிக்கு வழியில்லை. ரபி எலாசர் பென் அசரியா மட்டும் வீடு செழித்திருந்தால்தான் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். அவர் வாதம் நிற்கவில்லை.

யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது? ஆறு வருஷம் முடித்தவனுக்கு, யூபிலியில் வெளியேறுகிறவனுக்கு, முதலாளி இறந்துபோனதால் விடுதலையானவனுக்கு உண்டு. பெண் பணியாளுக்கும் உண்டு. ஓடிப்போனவனுக்குக் கிடையாது. மீதிக் காலத்துக்கான பணத்தைக் கட்டித் தன்னை மீட்டுக்கொண்டவனுக்கும் இல்லை என்பதே முடிவு, இதில் ரபி மேயிர் மாறுபட்டார்.

இன்னொரு விலக்குதான் எனக்கு நெருடுகிறது. மைமோனிடிஸ் முடிவுப்படி நீதிமன்றம் விற்ற ஆளுக்கு மட்டுமே ஹானகா. வறுமையால் தன்னைத் தானே விற்றுக்கொண்டவனுக்கு இல்லை. அதாவது திருடியவனுக்கு ஆடு கிடைக்கும், திருடாமல் தன்னை விற்றுக்கொண்ட ஏழைக்குக் கிடைக்காது. வசனத்தில் வரும் ‘அவனுக்கு’ என்ற ஒரு சொல்லை இறுக்கிப் பிடித்து இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தல்மூத்திலேயே ரபி எலாசர் இதை ஏற்கவில்லை. இருவருக்கும் ஆறு வருஷம்தான், இருவருக்கும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்கிறார். எனக்கு அவர் கட்சிதான் நியாயமாகப் படுகிறது.

அதே ‘அவனுக்கு’ என்ற சொல்லிலிருந்துதான் ஓர் அருமையான விதியையும் எடுத்திருக்கிறார்கள். அவனுக்கு என்றால் அவனுக்குத்தான், அவனுடைய கடன்காரனுக்கு இல்லை. பழைய பாக்கி வைத்திருக்கிற யாராவது தெருமுனையில் காத்திருந்து, ‘அந்த ஆட்டை இப்படி விடு’ என்று ஓட்டிக்கொண்டு போக முடியாது. இந்த விதி இல்லாமல் போயிருந்தால் கட்டளை முழுவதும் ஒரே நாளில் பொருளற்றுப் போயிருக்கும். சட்டம் எழுதியவர்களுக்கு ஏழையின் வாழ்க்கை எவ்வளவு பக்கத்திலிருந்து தெரிந்திருக்கிறது!

இனி காரணம். ஏன் கொடுக்க வேண்டும்?

நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், உன்னைக் கடவுள் மீட்டார், அதை நினைத்துக்கொள் என்கிறது அடுத்த வசனம். இதை வெறும் உருக்கமான பேச்சாகக் கடந்துவிடக் கூடாது. ‘வெறுமையாய்’ என்பதற்கு எபிரேயத்தில் ‘ரேகாம்’ என்று ஒரு சொல். யாக்கோபு இருபது வருஷம் மாமன் லாபானிடம் உழைத்துவிட்டு, கடவுள் என் பக்கம் இல்லாமல் போயிருந்தால் நீ என்னை வெறுமையாய் அனுப்பியிருப்பாய் என்று குமுறும்போது வருவது இதே சொல். எகிப்தைவிட்டுப் போகும்போது வெறுமையாய்ப் போகமாட்டீர்கள் என்று மோசேக்குக் கிடைத்த வாக்கிலும் இதே சொல். அதன்படி இஸ்ரவேலர் எகிப்தியரிடம் வெள்ளியும் பொன்னும் துணியும் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்படுகிறார்கள். நான் உனக்குக் கொடுத்து அனுப்பினேன், நீயும் அப்படியே செய் என்று ராஷி இந்த முடிச்சை அவிழ்க்கிறார்.

அந்த எகிப்துப் பொன்னைப் பற்றித் தல்மூத்தில் ஒரு கதை இருக்கிறது. மகா அலெக்சாந்தர் முன்னால் எகிப்தியர்கள் வழக்குக் கொண்டுவருகிறார்கள். யூதர்களின் வேதமே அவர்கள் எங்களிடம் பொன்னும் வெள்ளியும் வாங்கிப் போனதாகச் சொல்கிறது, திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று. கெபிஹா பென் பெசிசா என்ற சாதாரண மனிதர் அறிஞர்களிடம் போய், நான் பேசுகிறேன் என்கிறார். தோற்றால் எங்களில் ஒரு பாமரனைத்தானே ஜெயித்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள், ஜெயித்தால் மோசேயின் வேதம் ஜெயித்தது என்று சொல்லுங்கள் என்று அனுமதி வாங்கிக்கொண்டு போகிறார். உங்கள் ஆதாரம் எது என்று எகிப்தியரைக் கேட்கிறார். உங்கள் வேதம் என்கிறார்கள். சரி, நானும் அதிலிருந்தே காட்டுகிறேன், இஸ்ரவேலர் எகிப்தில் இருந்தது 430 வருஷம் என்று அதில் எழுதியிருக்கிறது, ஆறு லட்சம் பேர் உங்களுக்கு உழைத்த கூலியை எடுத்து வையுங்கள் என்கிறார். அலெக்சாந்தர் பதில் கேட்கிறார். எகிப்தியர் மூன்று நாள் தவணை வாங்குகிறார்கள், பதில் கிடைக்கவில்லை, விதைத்த வயலையும் நட்ட திராட்சைத் தோட்டத்தையும் அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். அது ஓய்வு வருஷம், யூதர்கள் விதைக்காத வருஷம் என்று கதை முடிகிறது.

இது வரலாறா என்று தேட வேண்டியதில்லை. வாங்கிக்கொண்டு வந்த பொன்னை அந்த மக்கள் பிச்சையாகவும் நினைக்கவில்லை, கொள்ளையாகவும் நினைக்கவில்லை. கூலிப் பாக்கி என்று நினைத்தார்கள்.

ஹானகாவும் அப்படித்தானா? கூலியா, தர்மமா? பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். கடனைப் போல வழக்குப் போட்டு வாங்கலாமா, முதலாளியின் மனசைப் பொறுத்ததா என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது. உபாகமம் தானே ஒரு கண்ணைக் காட்டுகிறது: அவனை அனுப்புவது உனக்குக் கஷ்டமாகப் படவேண்டாம், ஆறு வருஷம் கூலியாளைப்போல இரட்டிப்பாக உழைத்திருக்கிறான் என்கிறது. கூலியாள் பகலில் உழைத்துவிட்டு வீட்டுக்குப் போவான், இவன் ராத்திரியும் இங்கேதான் என்பது ஒரு விளக்கம். கூலியாள் ஒப்பந்தம் மூன்று வருஷம், இவன் ஆறு வருஷம் என்பது இப்னு எஸ்ரா என்ற உரையாசிரியர் தரும் விளக்கம்.

இதையே வேறு ஊர்ச் சட்டங்களோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கி.மு. 18ஆம் நூற்றாண்டின் பாபிலோனிய ஹமுராபி சட்டத்தில் கடனுக்காக விற்கப்பட்ட மனைவி மக்கள் மூன்று வருஷம் உழைத்தால் போதும், நாலாவது வருஷம் விடுதலை. உபாகமத்தைவிடப் பாதிக் காலம். ஆனால் போகும்போது கையில் என்ன கொடுப்பது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு பின்னால் போக வேண்டாம், பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது, அது போய்ச் சேர்ந்தது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு இல்லை.

யூதர்களும் எப்போதும் சட்டப்படி நடந்துவிடவில்லை. எரேமியா 34ஆம் அதிகாரம் அந்தக் கதையைச் சொல்கிறது. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்ட நேரம், சிதேக்கியா ராஜா உடன்படிக்கை செய்து எபிரேய அடிமைகளை எல்லாம் விடுதலை செய்ய வைக்கிறான். முற்றுகை கொஞ்சம் தளர்ந்ததும் எஜமான்கள் மனம் மாறி, அனுப்பியவர்களையே பிடித்து மறுபடியும் அடிமையாக்கிக்கொள்கிறார்கள். தீர்க்கதரிசி எரேமியா கொதித்துப்போகிறார். நீங்கள் சகோதரனுக்கு விடுதலை கூறவில்லை, ஆகவே நான் உங்களுக்கு விடுதலை கூறுகிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் என்று கடவுள் பெயரால் சொல்கிறார்.

இந்த அடிமை முறை யூபிலி வருஷம் நடைமுறையில் இருந்த காலத்துக்கு மட்டும் என்பது தல்மூத்தின் முடிவு. யூபிலி நின்றுபோய் யுகங்கள் ஆகின்றன. கட்டளையும் ஏட்டோடு நின்றிருக்க வேண்டியதுதான். ஆனால் 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில், பெயர் தெரியாத ஒருவர் எழுதிய ‘செஃபெர் ஹஹினுக்’ என்ற நூல் 613 கட்டளைகளையும் ஒவ்வொன்றாக விளக்குகிறது. ஹானகாவுக்கு வரும்போது, இது அந்தக் காலத்துக்கு உரியது என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. இன்றைக்கும் ஒருவனைக் கூலிக்கு வைத்து, அவன் நெடுங்காலம் உழைத்திருந்தாலும், கொஞ்ச காலமே உழைத்திருந்தாலும், போகும்போது கடவுள் உனக்குத் தந்ததிலிருந்து அவனுக்குக் கொடு என்று சேர்க்கிறார்.

அந்த ஒரு வரி ரொம்ப தூரம் பயணம் செய்தது. இருபதாம் நூற்றாண்டில் வேலையைவிட்டு நிறுத்தப்படுகிறவருக்கு ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டுமா என்ற கேள்வி இஸ்ரேலின் ரபிமார் முன்னால் வந்தபோது, அவர்கள் எடுத்துக் காட்டியவற்றில் இந்த வரியும் இருந்தது. நம் அலுவலகங்களில் பணிக்கொடை என்கிறோமே, ஏறக்குறைய அது போன்றது. 1963இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் அதற்கென்றே சட்டம் இயற்றியது. மாதச் சம்பளக்காரரை வேலையைவிட்டு நிறுத்தினால், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆறு வருஷம் உழைத்தவருக்கு ஆறு மாதச் சம்பளம். ஆடு இல்லை, கோதுமை இல்லை, கொடுப்பது முழுக்கப் பணம். பணத்தைப் போட்டும் பிழைத்துக்கொள்ளலாம் என்று ரபி எலியேசர் பென் யாக்கோபு அன்றைக்கே சொல்லியிருக்கிறார்.